இருமுறை எழுந்த விமானம்

பழைய பொருள்களைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் இருவகைக் கருத்து உண்டு. பரண்மேல் கிடக்கும் பாட்டனார் காலத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஓடாத கடிகாரம் நமக்கு எதற்கு? எடைக்குப் போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "இருக்கட்டும், அது ஓடிய காலத்தில்தான் நாமெல்லாம் பிறந்தோம்" என்பார் மற்றொருவர். பெரும்பாலும் முதலாமவரே வெல்கிறார். என்றோ ஒருநாள் இரண்டாமவர் வெல்லும்போது, அந்தக் கடிகாரத்தைத் திறந்து, தூசி போக்கி, பல்சக்கரங்களுக்கு எண்ணெயிட்டு, மறுபடியும் அதை மணியடிக்கச் செய்யப் பொறுமையுள்ள ஒரு கை தேவைப்படுகிறது.

ஒரு சுவர்க் கடிகாரத்துக்கே இத்தனை பாடு என்றால், 107 அடி நீள இறக்கைகளும் நான்கு எஞ்சின்களும் கொண்ட ஒரு பயணிகள் விமானத்தை அவ்விதம் காப்பாற்றுவது எத்தகைய பாடாக இருக்கும்! அத்தகைய விமானம் ஒன்றின் கதையை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம். அதைப் புதுப்பித்தவர்கள் ஆண்டுக் கணக்கில் உழைத்துப் பணியை முடித்தார்கள். முடித்த வேலையை ஒரே பகற்பொழுதில் கடலில் இழந்தார்கள். இழந்த பின் அவர்கள் செய்தது என்ன என்பதே இக்கதையின் சாரம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அன்று இருந்த போயிங் நிறுவனம் 1938-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஒரு புதுவகை விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டது. அதற்கு 'ஸ்ட்ராட்டோலைனர்' என்று பெயர். தொழிற்கூடத்து எண் 307. அக்காலத்து விமானப் பயணம் இன்றுபோல் சுகமானதன்று. வானத்தில் உயர உயரக் காற்று மெலிகிறது. மூச்சுக்குத் தேவையான பிராணவாயு குறைகிறது. ஆகவே, பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்கள் மிக உயரே போக இயலாமல், மேகங்களுக்கும் புயற்காற்றுக்கும் நடுவிலேயே குலுங்கிக் குலுங்கிச் செல்ல வேண்டியிருந்தது. வயிற்றைப் புரட்டும் அப்பயணத்துக்கு அஞ்சியே பலர் விமானத்தை ஒதுக்கினர்.

ஸ்ட்ராட்டோலைனர் இத்துன்பத்துக்கு முடிவு கட்ட முனைந்தது. அதன் உடல் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டு, உள்ளே காற்று அழுத்தி நிரப்பப்பட்டது. வெளியே விமானம் 14,700 அடி உயரத்தில் செல்லும்போது, உள்ளே இருப்பவர்கள் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றையே சுவாசித்தார்கள். ஒரு மலையூரில் அமர்ந்திருப்பது போல் 33 பயணிகள் இயல்பாக மூச்சு விட்டார்கள். இவ்வசதியுடன் பொதுமக்களை ஏற்றிச் சென்ற முதல் விமானம் இதுவே. இன்று விமானமேறி வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் ஒவ்வொருவரும் மேகங்களுக்கு மேலே அமைதியாய்ச் செல்வது அன்று தொடங்கிய அவ்வேற்பாட்டின் பயனேயாகும்.

இவ்விமானத்தின் பிறப்பில் ஒரு விந்தையும் உண்டு. இதன் இறக்கைகளும் வால் பகுதியும் எஞ்சின்களும் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானத்தை ஒட்டியே அமைந்தவை. அழிப்பதற்கென வரையப்பட்ட இறக்கைகளின்மேல், குடும்பங்கள் அமர்ந்து செல்லும் ஓர் அகன்ற உடலை ஏற்றி வைத்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது குண்டுவீச்சு விமானமே வேண்டப்பட்டது. பயணிகள் விமானம் பின்தள்ளப்பட்டது. மொத்தம் பத்து ஸ்ட்ராட்டோலைனர்களே கட்டப்பட்டன.

அப்பத்தின் முடிவுகளையும் சற்றுப் பார்ப்போம். முதலாவது விமானம் 1939 மார்ச் 18 அன்று சோதனைப் பயணத்தில் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டனர். கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கிய ஒன்று பிற்காலத்தில் புயலில் சிதைந்து, இறக்கைகள் நீக்கப்பட்டு, உடல் மட்டும் நீரில் மிதக்கும் படகுவீடாக மாற்றப்பட்டது. இன்னொன்று இந்தோசீனாவில் அமைதி உடன்பாட்டைக் கண்காணித்த பன்னாட்டுக் குழுவுக்குப் பணியாற்றி வந்தது. 1965 அக்டோபர் 18 அன்று லாவோஸின் வியன்டியானிலிருந்து ஹனோய்க்குப் புறப்பட்ட அவ்விமானம் 13 பேருடன் காணாமற்போயிற்று. அதில் நம் இந்தியரும் இருந்தனர். இவ்வாறு ஒவ்வொன்றாய் மறைந்து, இறுதியில் முழு உருவுடன் எஞ்சியது ஒன்றே ஒன்று. நாம் சொல்லவந்த விமானம் அதுதான்.

அதன் பெயர் 'கிளிப்பர் ஃபிளையிங் கிளவுட்', அதாவது பறக்கும் முகில். 1940-இல் பான் அமெரிக்கன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கரீபியத் தீவுகளுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பயணிகளைச் சுமந்தது. போர்க்காலத்தில் படைத்துறைக்கு உழைத்தது. போர் முடிந்ததும் விற்கப்பட்டது. ஒருகாலம் ஹெய்ட்டி நாட்டு அதிபரின் விமானமாகவும் இருந்தது. பின்னர் கைமாறிக் கைமாறி, அமெரிக்காவின் வறண்ட மாநிலமாகிய அரிசோனாவில் ஓர் ஓரமாய் நின்றது. கப்பல் நிறையப் புகழோடு வாழ்ந்து, முதுமையில் அடையாளம் தெரியாமல் திண்ணையோரம் அமர்ந்திருக்கும் பெரியவரைப்போல் அது நின்றது எனலாம்.

1969-ஆம் ஆண்டில் அவ்வழியே வந்த ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அலுவலர் ஒருவரின் கண்ணில் அது பட்டது. அது இன்னதென்று அவர் உடனே அறிந்துகொண்டார். அந்த ஒருவரின் அறிவும் கவனமும் இல்லாதிருந்தால் அதன் தகடுகள் என்றோ உருக்கப்பட்டிருக்கும். 1972-இல் விமானம் ஸ்மித்சோனியனின் உடைமையாயிற்று. ஆயினும், இத்துணைப் பெரிய பொருளை வைப்பதற்கு இடம் வேண்டுமே! மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அரிசோனா வெயிலிலேயே காத்துக் கிடந்தது. வறண்ட காற்று அதன் உலோகத்தை ஓரளவு காப்பாற்றியது என்பதே ஆறுதல்.

1994-இல் அதற்கு விடிவு வந்தது. பறக்கத்தக்க அளவுக்கு மட்டும் பழுது பார்த்து, அதைப் பிறந்த ஊராகிய சியாட்டிலுக்கே கொண்டுசென்றார்கள். போயிங் நிறுவனத்தின் இரண்டாம் எண் தொழிற்கூடத்தில் பணி தொடங்கிற்று. உழைக்க வந்தவர்களுள் பலர் அந்நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர்கள். இளமையெல்லாம் விமானம் கட்டிய கைகள், கூலி வேண்டாமல் மறுபடியும் சுத்தியலையும் துளைக்கருவியையும் எடுத்தன.

இத்தகைய பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். பழைய விமானத்துக்குப் புது வண்ணம் பூசி நிறுத்துவது புதுப்பித்தலாகாது. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படமெடுத்து, எண்ணிட்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். வெளித் தகட்டுக்கு உள்ளே, வெளிச்சம் படாத இடுக்குகளில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும். இரும்பு துருப்பிடித்தால் சிவந்து தெரியும். அலுமினியமோ வெண்பொடியாய் மெல்ல உதிரும். தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலையைத் துளைத்தெடுத்துத் தகட்டைப் பிரித்தால்தான் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரியும்.

பிறகு எழுகிறது கடினமான கேள்வி: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? கெட்டுப்போனவை அனைத்தையும் மாற்றிக்கொண்டே போனால் இறுதியில் நிற்பது பழைய விமானமன்று. அதன் உருவில் செய்த ஒரு புதிய விமானம். எதையுமே மாற்றாவிட்டால் அது நொறுங்கிப் போகும். ஆகவே, காப்பாற்றத்தக்கதைக் காப்பாற்றி, இயலாதபோது மட்டும் அதே வடிவில், அதே வகைப் பொருளில் புதிதாகச் செய்வது இத்தொழிலின் முறை. கடைகளில் உதிரிப்பாகம் கிடைக்காது. பத்தே பத்து விமானங்களுக்கு உதிரிப்பாகம் வைத்திருக்கும் கடை எது? பழைய வரைபடங்களைத் தேடி, அளவு பார்த்து, கையாலேயே செய்தாக வேண்டும். எஞ்சின்களைப் பிரித்துச் செம்மைப்படுத்த வேண்டும். உள்ளே இருக்கைகளையும் துணி விரிப்புகளையும் அக்காலத்து மாதிரியிலேயே அமைக்க வேண்டும்.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இவ்வுழைப்பு நீடித்தது. 2001 ஜூலையில் பறக்கும் முகில் பளபளக்கும் வெள்ளியுடலோடு மறுபடியும் வானில் எழுந்தது. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே ஸ்மித்சோனியன் கட்டிவந்த புதிய மாபெரும் கூடத்தில் அது நிலையாக வைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்குச் செல்லுமுன் விமானிகள் அவ்வப்போது பயிற்சிக்காக அதை ஓட்டி வந்தனர்.

2002 மார்ச் 28. நால்வர் விமானத்தில் ஏறிப் பயிற்சிப் பறத்தலுக்குச் சென்றனர். சியாட்டிலுக்குத் திரும்பி வரும் வேளையில் எஞ்சின் ஒன்று வலுவிழந்தது. அடுத்தடுத்து மற்றவையும் ஓய்ந்தன. கீழே மக்கள் நெருங்கி வாழும் நகரம். ஓடுபாதையோ எட்டாத தொலைவு. விமானிகள் வேறு வழியின்றி, கரையை அடுத்த எலியட் விரிகுடாவின் நீர்ப்பரப்பின்மேல் விமானத்தை இறக்கினர். நால்வரும் உயிர் தப்பினர். தரையிலும் எவருக்கும் தீங்கில்லை. ஆறாண்டு உழைப்பு மட்டும் உப்பு நீரில் மூக்கை அமிழ்த்திக்கொண்டு மிதந்தது. உலகில் எஞ்சியிருந்த ஒரே ஸ்ட்ராட்டோலைனர் கடலில்!

காரணம் யாது? எஞ்சினில் பழுதா? அறுபதாண்டுப் பழைய உலோகம் முறிந்ததா? புதுப்பித்தவர்களின் கைவேலையில் குறையா? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொன்ன விடை மிகச் சிறியது: எரிபொருள் தீர்ந்துவிட்டது. புறப்படுமுன் செய்யும் சோதனையில், தொட்டிகளில் எவ்வளவு எரிபொருள் உள்ளது என்பதைச் சரியாக உறுதிசெய்து கொள்ளவில்லை. எரிபொருள் நிலை பற்றி விமானத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போதிய அளவு பேசிக்கொள்ளாததும் அதற்குத் துணைபோயிற்று.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்நால்வரும் அனுபவமற்றவர்கள் அல்லர், தம் தொழிலில் தேர்ந்தவர்கள், அவ்விமானத்தின்மேல் பற்றுள்ளவர்கள். ஆயிரமாயிரம் ஆணிகளைத் தவறாமல் அறைந்த உழைப்பு ஒருபுறம். ஒரு தொட்டியை அளந்து பார்க்கும் சில நிமிட வேலை மறுபுறம். பெரியதில் தவறவில்லை, சிறியதில் தவறினார்கள். "அவர் பார்த்திருப்பார்" என்று ஒருவரும், "இவருக்குத் தெரிந்திருக்கும்" என்று மற்றொருவரும் வாளாவிருந்துவிடுவது வானத்தில் மட்டுமா நடக்கிறது? வீட்டிற்குள்ளும் அதுதானே நடக்கிறது! தாய் பார்த்துக்கொள்வாள் என்று தந்தையும், தந்தை கவனிப்பார் என்று தாயும் எண்ணியிருக்க, பிள்ளையின் வாடிய முகத்தை எவருமே பாராமல் போகும் வீடுகள் இல்லையா? கடனைப் பற்றிக் கணவன் மனைவியிடம் சொல்லாமலும், நோயைப் பற்றி மனைவி கணவனிடம் சொல்லாமலும் இருந்து, எஞ்சின் ஓய்ந்த பிறகு திகைக்கும் குடும்பங்களை நாம் அறியாதவர்களா? அன்பு குறைந்ததால் அவை கடலில் இறங்கவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காததால் இறங்கின.

சரி, விமானம் என்னவாயிற்று? பளுதூக்கும் எந்திரத்தைக் கொண்டு அதை நீரிலிருந்து மேலே எடுத்தார்கள். அலுமினியத்துக்கு உப்பு நீரைப்போல் பகை வேறில்லை. அலுமினியத் தகடும் இரும்பு ஆணியும் சேர்ந்திருக்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால், பாட்டரியில் நடப்பது போன்ற வினை அங்கே நிகழ்ந்து, தகடு வேகமாய் அரிக்கப்படும். நீருக்குள் இருக்கும்போது நேர்வதைக் காட்டிலும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டபின் நேரும் அழிவு விரைவானது. ஆகவே, நன்னீரால் கழுவி, உப்பை விரட்டுவதே முதல் வேலை. நீரில் மோதிய அடிப்பகுதி சேதமுற்றிருந்தது. எஞ்சின்களைக் கழற்றி மறுபடியும் பிரிக்க வேண்டியிருந்தது. புதுக்கோலத்தில் இருந்த உட்புறமும் நனைந்து கெட்டிருந்தது.

"போதும், இருந்ததை இருந்தபடியே கொண்டுபோய் ஒரு மூலையில் வையுங்கள்" என்று அம்முதியவர்கள் சொல்லியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். முதல்முறை வேலை தொடங்கியபோது இருந்த வயதினும் அவர்களுக்கு எட்டு வயது கூடியிருந்தது. முதல்முறை இருந்த ஊக்கத்துக்கு எதிர்பார்ப்பு துணையிருந்தது. இம்முறையோ துணையிருந்தது துயரம் மட்டுமே. எனினும் போயிங் தொண்டர்கள் மறுபடியும் ஆணியிலிருந்து தொடங்கினார்கள். தாங்கள் ஒருமுறை அறைந்த ஆணிகளைத் தாங்களே துளைத்தெடுத்து, தாங்கள் பொருத்திய தகடுகளைத் தாங்களே பிரித்து, மறுபடியும் பொருத்தினார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் விமானம் மீண்டும் பறக்கும் நிலையை அடைந்தது. 2003 ஆகஸ்ட் 6 அன்று, தன் சொந்த எஞ்சின்களின் வலிமையாலேயே பறந்து சென்று, வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் அது இறங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று உட்வார்-ஹேசி மையம் என்னும் அப்புதிய கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இன்று அங்கே செல்பவர்கள், ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டையும், ஜெட் பயணத்துக்கு வழிகாட்டிய போயிங்கின் மாதிரி விமானத்தையும், பறக்கும் முகிலையும் ஒரே கூரையின்கீழ்க் காண்கிறார்கள். பேரன், தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரையும் ஒருசேரக் காண்பது போன்றது அக்காட்சி.

இனி அது பறக்காது. அது வருத்தமா என்று கேட்போர் உண்டு. பறப்பதற்கென்று பிறந்ததைத் தரையில் நிறுத்துவது கூண்டில் அடைப்பதாகாதா என்பர் சிலர். அவ்வாறு எண்ணிப் பழைய விமானங்களை இன்றும் பறக்கவிட்டு வருவோர் சில நாடுகளில் உளர். ஆனால் அதன் செலவு கொஞ்சமன்று. ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 2007-இல் லாக்ஹீட் சூப்பர் ஸ்டார் என்னும் பழைய விமானத்தை வாங்கி, பறக்கவைக்கும் நோக்கத்தோடு பெருஞ்செலவில் பத்தாண்டுகள் உழைத்து, 2018-இல் அந்நோக்கத்தைக் கைவிட நேர்ந்தது. உலகில் ஒன்றே எஞ்சியுள்ள பொருளை ஒவ்வொரு பறத்தலிலும் பணயம் வைப்பது தகுமா என்னும் கேள்விக்கு, எலியட் விரிகுடாவே போதிய விடை அளித்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

தரையில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். காட்சிக்கு வைக்கும் விமானத்தின் எரிபொருளையும் எண்ணெய்களையும் வடித்துவிட வேண்டும். காற்றின் ஈரப்பதத்தை அளவோடு வைத்திருக்க வேண்டும். கடும் ஒளி பட்டால் துணியும் ரப்பரும் வெளுத்து நைந்துபோகும். அதைத் தடுக்க வேண்டும். டயர்கள் ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கி நசுங்காதபடி பார்க்க வேண்டும். தூசி, பூச்சி, பார்வையாளரின் வியர்வைக் கை ஆகிய ஒவ்வொன்றும் மெல்லக் கொல்லும் பகையே. புதுப்பித்தலுக்கு ஒரு நாள் முடிவு உண்டு. பாதுகாத்தலுக்கு முடிவே இல்லை.

இதில் இன்னும் ஒரு செய்தி உண்டு. பறக்கும் முகிலைப் புதுப்பித்த அந்த இரண்டாம் எண் தொழிற்கூடம் இன்று இல்லை. 2010-ஆம் ஆண்டை ஒட்டி அது இடிக்கப்பட்டுவிட்டது. உழைத்த முதியவர்களும் ஒருவர்பின் ஒருவராய் விடைபெறும் வயதினரே. கூடம் போயிற்று, கைகள் ஓய்கின்றன. அக்கைகள் காப்பாற்றிய பொருள் நிற்கிறது. பள்ளிச் சிறுவன் ஒருவன் அதன் பளபளக்கும் வயிற்றுக்குக் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, இது ஒருமுறை கடலில் விழுந்ததென்று சொன்னால் அவன் நம்புவானோ என்னவோ.

நமக்கென்று விமானம் ஏதும் இல்லை. ஆனால் பெரியோர் விட்டுச்சென்ற வீடும், பலவாண்டு முயன்று கட்டிய குடும்ப ஒற்றுமையும், வளர்த்த பிள்ளைகளும், சேர்த்த நற்பெயரும் நமக்கு உண்டு. இவற்றைக் கட்டுவதில் நாம் காட்டும் அக்கறையை நாள்தோறும் அளந்து பார்ப்பதிலும் காட்டுகிறோமா? இரவு உணவுக்கு அமரும்போது, "நம் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?" என்று ஒருவரையொருவர் வாய்திறந்து கேட்டுக்கொள்கிறோமா?

அப்படிக் கேட்கத் தவறி, நம் உழைப்பும் ஒருநாள் உப்பு நீரில் விழுந்துவிட்டால், அன்றைக்கு நினைத்துக்கொள்ளச் சியாட்டில் முதியவர்களை மறவாதிருப்போம். யார் குற்றம் என்று அறிந்த பின்னும் அவர்கள் அதையே பேசிக்கொண்டிருக்கவில்லை. நீரிலிருந்து தூக்கினார்கள், உப்பைக் கழுவினார்கள், முதல் ஆணியை எடுத்தார்கள்.